கொலை வழக்கு நடத்தும் பாரிஸ்டர் ஆவது எப்படி: இங்கிலாந்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தை எல்லோரும் ஓல்ட் பெய்லி என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு கொலை வழக்கில் எழுந்து நிற்கும் மூத்த பாரிஸ்டரைப் பார்க்கிறவர்கள், பேச்சுத் திறமைதான் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பேச்சு நன்றாக வருகிறவர்கள் நிறையப் பேர் குற்றவியல் பக்கம் வந்து பாதியில் வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். நிலைத்து நிற்பவர்கள் கேஸ் கட்டைப் படிப்பவர்கள். முந்தின நாள் மாலை கைக்கு வந்த திருட்டு வழக்கைக்கூட விடிவதற்குள் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறவரிடம்தான் பத்து வருடம் கழித்துக் கொலை வழக்கு வந்து சேரும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி அமைப்புகள் உண்டு. கட்சிக்காரரை முதலில் சந்தித்து, போலீஸ் நிலையத்துக்குப் போய், வழக்கைக் கட்டுகிறவர் சொலிசிட்டர். அந்த வழக்கை ஜூரி முன் நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். மேல் நீதிமன்றங்களில் வாதாடும் உரிமை பெற்ற சொலிசிட்டர்களும் உண்டு. அதுவும் மதிப்பான பாதைதான். நான் எழுதப்போவது பாரிஸ்டர் வழியைப் பற்றி மட்டும்.

முதலில் போய்ப் பாருங்கள்

பணமும் வருடங்களும் செலவழிக்கும் முன் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பாருங்கள். பொதுமக்கள் மாடம் இலவசம். ஓல்ட் பெய்லிக்குப் போவதானால் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே விடமாட்டார்கள்; வாங்கி வைத்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. பெரிய வழக்கு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊரில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு திங்கட்கிழமை காலை முழுவதும் இருங்கள். வார இறுதியில் பிடிபட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஜாமீன் மனுவை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் இளம் பாரிஸ்டர்களைக் கவனியுங்கள். உங்கள் முதல் சில வருடங்கள் அப்படித்தான் இருக்கும். அது பிடிக்காதவருக்கு இந்தத் தொழில் பிடிக்காது.

அடுத்தது மினி பியூப்பிலேஜ். பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகமான சேம்பர்ஸ் ஒன்றில் சில நாட்கள் ஒரு பாரிஸ்டரின் பின்னாலேயே போய்வருவது. நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து கவனிக்கும் மார்ஷலிங் வாய்ப்பும் கேட்டால் கிடைக்கும். கிடைத்தால், பெரிய உரைகளில் மயங்காமல் பின்வரிசையைப் பாருங்கள். சாட்சி ஒரு தேதியைச் சொன்ன நொடியில் அதற்குரிய பக்கத்தைத் திறந்து சீனியரிடம் நீட்டும் ஜூனியர் யார் என்று பாருங்கள்.

படிப்பும் பணமும்

சட்டப் பட்டம் வேண்டும். அல்லது வேறு பாடத்தில் பட்டம் பெற்று, சட்டத்துக்கு மாறும் பட்டயப் படிப்பை முடிக்க வேண்டும். பட்டத்தில் குறைந்தபட்சம் இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு தேவை. ஆனால் அந்த மதிப்பெண்ணோடு மட்டும் போனால், பாரிஸ்டருக்கான நடைமுறைப் பயிற்சியான பியூப்பிலேஜ் கிடைப்பது கடினம். பிறகு பாரிஸ்டர் தொழிலுக்கான பார் படிப்பு. அதில் சேரும் முன்பே ‘இன்’ எனப்படும் நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். நான்கும் லண்டனில்தான். எதில் சேர்ந்தாலும் தொழிலில் வித்தியாசம் இல்லை. உதவித்தொகை எங்கே உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். இன் நடத்தும் பத்து தகுதி அமர்வுகளை முடித்து, படிப்பிலும் தேறினால் ‘கால்’ எனப்படும் சடங்கில் பாரிஸ்டர் ஆவீர்கள். அதனால் மட்டும் வழக்கு நடத்த முடியாது.

வேறு நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டுக்கு விண்ணப்பித்தால் உங்கள் அனுபவத்தைப் பார்த்து எந்தெந்தப் பகுதிகளில் விலக்கு, எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்வார்கள்.

பார் படிப்புக்கான கட்டணம் நிறுவனத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறும். பல இடங்களில் 12,000 பவுண்டுக்கு மேல். வாழ்க்கைச் செலவு தனி. நான்கு இன்களும் சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் பல மில்லியன் பவுண்டு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பம் முந்தைய ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். இந்தத் தேதியைத் தவறவிட்டு, பிறகு கடன் வாங்கிப் படிப்பவர்கள் நிறைய. படிப்பு முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் பியூப்பிலேஜ் தொடங்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். என் அபிப்பிராயத்தில், பியூப்பிலேஜ் கையில் இல்லாமல் முழுக் கடனில் பார் படிப்பில் சேர்வது ஆபத்தான முடிவு. விண்ணப்பத்தை முன்னதாகவே போட்டுப் பாருங்கள்.

பியூப்பிலேஜ்

இதுதான் குறுகிய வாசல். ஆண்டுக்குச் சுமார் 500 முதல் 600 இடங்கள்தான் உண்டு; விண்ணப்பிப்பவர்கள் அதைப்போல் பல மடங்கு. பெரும்பாலான சேம்பர்ஸ் பார் கவுன்சிலின் பியூப்பிலேஜ் கேட்வே தளம் வழியாக ஆண்டின் தொடக்கத்தில் விண்ணப்பம் வாங்கி, மே மாதம் வாக்கில் முடிவு சொல்கின்றன.

விண்ணப்பத்தில் ‘எனக்கு நீதியின் மேல் தீராத பற்று’ என்று எழுதாதீர்கள். எல்லோரும் எழுதுவது அது. நீங்கள் பார்த்த ஒரு விசாரணையில் எந்தக் கேள்வி வழக்கைத் திருப்பியது, ஏன் திருப்பியது என்று நான்கு வரி எழுதுங்கள். நேர்காணலில் ஒரு ஜாமீன் மனுவோ தண்டனைக் குறைப்பு வாதமோ பத்து நிமிடத்தில் தயாரிக்கச் சொல்வார்கள். பதற்றம் இருந்தால் பரவாயில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறீர்களா, உங்கள் நிலைப்பாடு தவறு என்று காட்டினால் நேர்மையாக ஏற்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பியூப்பிலேஜ் பன்னிரண்டு மாதம். முதல் ஆறு மாதம் மேற்பார்வையாளரின் நிழல் போல இருந்து கற்பது. இரண்டாம் ஆறில் தற்காலிகச் சான்றிதழுடன் நீங்களே எழுந்து நிற்பீர்கள். இதற்கிடையில் தொழில் ஒழுக்கத் தேர்வு ஒன்று. சேம்பர்ஸ் உங்களுக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்குச் சற்று மேல். லண்டனில் இன்னும் கொஞ்சம் அதிகம். முடிவில் சேம்பர்ஸ் வாக்களித்து டெனன்சி, அதாவது அங்கே நிரந்தர இடம், கொடுத்தால் நீங்கள் சுயதொழில் செய்யும் பாரிஸ்டர். அரசுத் தரப்பு வழக்குகளை நடத்தும் சிபிஎஸ் அமைப்பில் சம்பளத்துக்குச் சேரும் வழியும் உண்டு.

மாலை ஐந்து மணிக்கு வரும் அழைப்பு

சேம்பர்ஸின் இதயம் கிளார்க் அறை. வேலையைப் பிரிப்பதும் கட்டணம் பேசுவதும் சொலிசிட்டர்களிடம் உங்கள் பெயரைச் சொல்வதும் கிளார்க்தான். மாலை ஐந்து மணிக்கு அழைப்பு வரும்: ‘நாளைக் காலை பத்து மணி, லூட்டன் கிரவுன் கோர்ட், தண்டனை விசாரணை. எடுத்திருந்தவருக்கு வேறு வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. போகிறீர்களா?’ போகிறேன் என்பீர்கள். டிஜிட்டல் கேஸ் சிஸ்டத்தில் இருநூறு பக்கம் காத்திருக்கும்.

எப்படிப் படிப்பது? முதலில் குற்றச்சாட்டு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எதை நிரூபிக்க வேண்டும். இதைத் தெளிவாக எழுதிவைக்காமல் மற்ற எதையும் திறக்காதீர்கள். பிறகு அரசுத் தரப்புச் சுருக்கம். அது ஒரு தரப்பின் கதை என்பதை மறக்காமல், அதில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சி வாக்குமூலத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சில சமயம் இருக்காது. அடுத்து போலீஸ் விசாரணையில் கட்சிக்காரர் சொன்னது. அப்புறம் தண்டனைக் கவுன்சிலின் வழிகாட்டுதல்: குற்றத்தின் பொறுப்பு எந்த நிலை, பாதிப்பு எந்த நிலை, தொடக்கப் புள்ளி எவ்வளவு, எங்கே ஏறும், எங்கே இறங்கும். குற்றத்தை முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். விசாரணை தொடங்கும் நாளில் ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்குதான். இந்த வித்தியாசத்தை முதல் நாளே கட்சிக்காரருக்குப் புரியும்படி யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். கடைசியாக, கட்டில் இல்லாதது எது என்று யோசியுங்கள். மருத்துவ அறிக்கை வந்ததா? வேலை கொடுத்தவரின் கடிதம்? நன்னடத்தைத் துறையின் அறிக்கை?

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள காவல் அறையில் கட்சிக்காரரைச் சந்தியுங்கள். நேற்று வரை உங்கள் பெயரே தெரியாதவர் அவர். அவருடைய அடுத்த நான்கு வருடங்கள் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அவசரப்படாமல், கண்ணைப் பார்த்து, இன்று என்ன நடக்கும், அதிகபட்சம் எவ்வளவு என்று உண்மையைச் சொல்லுங்கள். பொய் நம்பிக்கை கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய பெரிய கொடுமை.

குறுக்கு விசாரணை

புத்தகத்தால் வராதது இது. ஒரு வழிப்பறி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி. ‘இவர்தான்’ என்று சாட்சி அடையாளம் காட்டுகிறார். ‘நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை’ என்கிறார் உங்கள் கட்சிக்காரர். புதியவர் எழுந்ததும், ‘அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்பார். சாட்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ‘அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது’ என்பார். பன்னிரண்டு ஜூரிகளும் அதை எழுதிக்கொள்வார்கள்.

அனுபவசாலி இப்படிப் போவார்.

‘அவர் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்தார்?’
‘ஆமாம்.’
‘பையை இழுத்தார். நீங்கள் விடவில்லை.’
‘விடவில்லை.’
‘இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள்.’
‘ஆமாம்.’
‘உங்கள் கவனம் பையின் மேல் இருந்தது.’
‘இருந்திருக்கும்.’
‘அவர் தலையை மூடிய சட்டை போட்டிருந்தார் என்று அன்று இரவே போலீஸிடம் சொன்னீர்கள்.’
‘சொன்னேன்.’

ஒரு கேள்வியில் ஒரு தகவல். பதில் ஏற்கெனவே கட்டில் இருக்கிறது. சாட்சி மாற்றிச் சொன்னால் பக்க எண் தயார். ‘ஆக, முகம் சரியாகத் தெரியவில்லை, அப்படித்தானே?’ என்ற கடைசிக் கேள்வியை அவர் கேட்கவே மாட்டார். அது ஜூரியிடம் வைக்கும் இறுதி வாதத்துக்கு உரியது. ஆனால் ‘ஆளை மாற்றி அடையாளம் காட்டுகிறீர்கள்’ என்ற தன் தரப்பை மரியாதையாகச் சாட்சியிடம் முன்வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதைச் செய்யாமல் விடக் கூடாது. இத்தகைய வழக்கில் அடையாளச் சாட்சியத்தை மிகுந்த எச்சரிக்கையுடன் பார்க்கும்படி நீதிபதி ஜூரிக்குச் சொல்ல வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் டர்ன்புல் தீர்ப்பிலிருந்து வரும் விதி. அந்த எச்சரிக்கை விழும் இடத்தில் உங்கள் ஐந்து கேள்விகளும் காத்திருக்கும்.

குழந்தைகளையும் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் விசாரிப்பது தனிக் கலை. 1999ஆம் ஆண்டின் இளையோர் நீதி, குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி குறுக்கு விசாரணையை முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்யலாம். என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று நீதிபதி முன்னதாகவே வரையறுப்பார். குரலை உயர்த்தி மிரட்டும் பழைய பாணிக்கு இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. அதே போல, உங்கள் சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதும் தடை. நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று விளக்கலாம். சாட்சியத்தை ஒத்திகை பார்க்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் மோமோடு தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெரிய வழக்குகளுக்குள் நுழைவது

அரசுத் தரப்பில் வேலை பெற சிபிஎஸ் பட்டியலில் சேர வேண்டும். அதில் நான்கு நிலைகள். நான்காவது மிகக் கடுமையான வழக்குகளுக்கு. பாலியல் குற்றம், பயங்கரவாதம், மோசடி போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல்களும் உண்டு. ஒரே பக்கத்தில் மட்டும் நிற்காமல் இரண்டு பக்கமும் வழக்கு நடத்துங்கள் என்பேன். அரசுத் தரப்பைக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் அதில் எந்தச் செங்கல் ஆடுகிறது என்று தெரியும்.

கொலை வழக்குகளில் பொதுவாக ஒரு சீனியரும் ஒரு ஜூனியரும் இருப்பார்கள். ஜூனியராகப் போவதுதான் உண்மையான பள்ளிக்கூடம். நேர அட்டவணை தயாரிப்பது, செல்போன் கோபுரப் பதிவையும் கண்காணிப்புக் கேமரா நேரத்தையும் பொருத்திப் பார்ப்பது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மைகளை வரைவது, சட்ட வாதத்தை எழுதித் தருவது எல்லாம் உங்கள் வேலை. 2020இல் முடக்கப்பட்ட என்க்ரோசாட் என்ற மறைகுறியீட்டுத் தொலைபேசிச் சேவையிலிருந்து போலீஸுக்குக் கிடைத்த செய்திகள் எத்தனையோ பெரிய போதைப்பொருள், துப்பாக்கி வழக்குகளுக்கு அடித்தளம் ஆயின. அவற்றில் ஆயிரக்கணக்கான செய்திகளுக்குள் வழக்கைத் தீர்மானிக்கும் பத்துச் செய்திகளைத் தேடிப் பிடிப்பவர் ஜூனியர். நன்றாக உழைத்த ஜூனியருக்குச் சீனியர் சிவப்புத் துணிப் பை ஒன்றைப் பரிசளிப்பது இன்றும் தொடரும் மரபு.

மிக அதிகமாக உழைக்க வேண்டிய இடம் அரசுத் தரப்பு ஒப்படைக்க வேண்டிய ஆவணங்கள். 1996ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை, விசாரணைச் சட்டப்படி, அரசுத் தரப்புக்குப் பாதகமாகவோ எதிர்த்தரப்புக்கு உதவியாகவோ இருக்கக்கூடிய எதையும் மறைக்கக் கூடாது. இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு ஒரு வழக்கு. லிவர்பூலின் கேமியோ திரையரங்கக் கொலையில் ஜார்ஜ் கெல்லிக்காக வாதாடியவர் ரோஸ் ஹெயில்பிரான். 1949இல் ஹெலினா நார்மன்டனுடன் சேர்ந்து, மூத்த பாரிஸ்டர்களுக்கான கிங்ஸ் கவுன்சல் பட்டத்தை இங்கிலாந்தில் முதலில் பெற்ற பெண். அப்போது வயது 34. கொலை வழக்கை முன்னின்று நடத்திய முதல் பெண்ணும் அவரே. கெல்லி 1950இல் தூக்கிலிடப்பட்டார். வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாக்குமூலம் ஒன்று போலீஸ் கையில் இருந்தும் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தத் தாளை ஹெயில்பிரான் பார்க்கவே இல்லை. அரசுத் தரப்பு தரும் ஆவணப் பட்டியலில் ஒரு வரி மங்கலாக எழுதப்பட்டிருந்தால் ‘இது என்ன?’ என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

நிபுணர் சாட்சியத்துக்கும் அதே கவனம். சாலி கிளார்க் தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்டார். இப்படி இரண்டு இயற்கை மரணங்கள் ஒரே குடும்பத்தில் நேர 7.3 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்று ஒரு மருத்துவ நிபுணர் ஜூரியிடம் சொன்னார். ஒரு மரணத்தின் வாய்ப்பை அதனாலேயே பெருக்கிக் கிடைத்த எண் அது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எடுத்துக்கொண்டதே தவறு. இன்னொரு நிபுணரிடம் இருந்த நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகளும் எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. 2003இல் அவர் விடுவிக்கப்பட்டார். மருத்துவமும் புள்ளியியலும் எனக்கு வராது என்று சொல்ல ஒரு குற்றவியல் பாரிஸ்டருக்கு உரிமை இல்லை. நிபுணரின் அடிக்குறிப்புவரை படியுங்கள். புரியாவிட்டால் வேறொரு நிபுணரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

சட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டுக் குற்றத்தில், கூட இருந்தவன் கொலை செய்யக்கூடும் என்று முன்கூட்டியே ஊகித்திருந்தாலே போதும் என்று 1984 முதல் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 2016இல் ஜோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தவறான திருப்பம் என்று சொல்லி, ஊகம் என்பது நோக்கத்துக்கு ஒரு சான்று மட்டுமே என்று திருத்தியது. கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம் என்பதால், குறைந்தபட்சச் சிறைக் காலம்தான் வாதத்தின் களம். தொடக்கப் புள்ளி 15 வருடமா, சம்பவ இடத்துக்குக் கத்தி கொண்டுபோனதால் 25 ஆகுமா, துப்பாக்கி என்பதால் 30 ஆகுமா என்பதில் ஒரு மனிதனின் பாதி வாழ்க்கை அடங்கிவிடும்.

குற்றவாளிக்காக எப்படி வாதாடுகிறீர்கள்?

உறவினர் வீட்டு விசேஷத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். பதிலை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுயதொழில் பாரிஸ்டர், வழக்கு பிடிக்கவில்லை, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது. வாடகை வண்டி வரிசையில் நிற்பவர் அடுத்த பயணியை ஏற்றியாக வேண்டும் என்பதைப் போன்றது இது; அதனால் ‘கேப் ரேங்க்’ விதி என்றே பெயர். கட்சிக்காரர் உங்களிடம் ‘நான்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டு, குற்றத்தை மறுத்தே வழக்கை நடத்தச் சொன்னால், அரசுத் தரப்பு ஆதாரம் போதுமா என்று நீங்கள் சோதிக்கலாம். அவர் செய்யவில்லை என்றோ வேறொருவர் செய்தார் என்றோ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது என்ற கடமை கட்சிக்காரருக்கான கடமைக்கு மேலே நிற்கிறது. இந்த எல்லையைத் தாண்டாதவர் என்ற பெயர்தான் உங்கள் மூலதனம். நீதிபதி உங்கள் வார்த்தையைச் சரிபார்க்காமல் நம்பும் நாள் வர பல வருடங்கள் ஆகும். கெடுக்க ஒரு காலை போதும்.

சவப் பரிசோதனைப் படங்களையும் குழந்தைகளின் வாக்குமூலங்களையும் வாரக்கணக்கில் பார்ப்பது மனத்தைத் தின்னும். வீட்டில் அவற்றைத் திறக்கும் இடத்தையும் நேரத்தையும் வரையறுங்கள். பார்த்தே ஆக வேண்டியதை மட்டும் பாருங்கள். தூக்கம் கெட்டால் சேம்பர்ஸில் ஒரு மூத்தவரிடம் சொல்லுங்கள். சட்டத் துறையினருக்கு உதவும் லாகேர் அமைப்பும் இருக்கிறது.

வருமானம்

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து வருகிறது. குற்றத்தின் வகை, விசாரணை நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துக் கட்டணம் நிர்ணயமாகும். வழக்கு முடிந்த பிறகுதான் பணம். வழக்கு ஒத்திப்போனால் பணமும் ஒத்திப்போகும். கிரவுன் கோர்ட்டில் தேங்கிய வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டதால் தேதிகள் வருடக்கணக்கில் தள்ளிப்போகின்றன. முதல் மூன்று வருடங்களில் செலவு போக இடைநிலை வருமானம் 12,200 பவுண்டுதான் என்று சொல்லித்தான் 2022இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். அக்டோபரில் 15 சதவீத உயர்வை உள்ளடக்கிய உடன்பாட்டுக்குப் பிறகு திரும்பினார்கள். சேம்பர்ஸ் பங்கு, கட்டாயக் காப்பீடு, ரயில் கட்டணம் எல்லாம் உங்கள் கையிலிருந்து. வரும் ஒவ்வொரு கட்டணத்திலிருந்தும் வரிக்கான பங்கை அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். அது உங்கள் பணம் இல்லை.

பட்டு அங்கி

பதினைந்து, இருபது வருடங்களுக்குப் பிறகு கிங்ஸ் கவுன்சல் பட்டத்துக்கு விண்ணப்பிப்பார்கள். 2022 செப்டம்பரில் ராணி மறைந்த அன்று குவீன்ஸ் கவுன்சல்கள் எல்லோரும் கிங்ஸ் கவுன்சல் ஆனார்கள். சாதாரணத் துணி அங்கி போய்ப் பட்டு அங்கி வரும். பாரிஸ்டர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார். தேர்வு செய்வது சுயேச்சையான குழு. அதில் சட்டத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் நீங்கள் நடத்திய பன்னிரண்டு முக்கிய வழக்குகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றில் உங்களைப் பார்த்த நீதிபதிகள், எதிரில் நின்ற பாரிஸ்டர்கள், வழக்குக் கொடுத்த சொலிசிட்டர்கள் ஆகியோரிடம் குழு ரகசியமாகக் கருத்துக் கேட்கும். சட்ட அறிவு, வாதத் திறன், மற்றவர்களோடு இணைந்து வேலை செய்வது, பன்முகத்தன்மையில் செயல்பாடு, நேர்மை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சான்று காட்ட வேண்டும்.

ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பதிவேடு வையுங்கள். வழக்கு, நீதிபதி, எதிரில் யார், எது கடினமாக இருந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன். இரகசியத் தகவல்களைத் தவிர்த்து ஐந்து வரி போதும். விண்ணப்பம் எழுதும் வருடத்தில் நினைவிலிருந்து தோண்டி எடுக்க முயல்பவர்களுக்குப் பொதுவான புகழ்ச்சி வரிகள்தான் கிடைக்கும். குழுவுக்கு அவை பயன்படாது.

பட்டு அங்கி வந்த முதல் வருடம் வேலை குறையலாம், அதற்குப் பணம் ஒதுக்கிவையுங்கள். முன்பு தனியாக எடுத்த நடுத்தர வழக்குகள் இனி உங்களிடம் வராது. கொலை, பயங்கரவாதம், பல பேர் சேர்ந்த பெரிய சதி வழக்குகள் மட்டுமே வரும். அவற்றில் சட்ட உதவி நிதியிலிருந்து கிங்ஸ் கவுன்சலை அமர்த்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் முதல் முறை நிராகரிக்கப்பட்டால் காரணங்களை எழுத்தில் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு, எந்த வகைச் சான்று குறைவாக இருந்ததோ அந்த வகை வழக்குகளைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள்; இரண்டாம், மூன்றாம் முறையில் தேர்வானவர்கள் உண்டு. இதற்கிடையே ரெக்கார்டர் என்ற பகுதிநேர நீதிபதிப் பதவிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆண்டில் சில வாரங்கள் மேலே அமர்ந்து மற்றவர்களின் வாதத்தைக் கேட்டுவிட்டு வந்தால், ஜூரிக்கு எது கேட்கிறது, எது காதில் விழாமலே போகிறது என்பது நன்றாகப் பிடிபடும்.